மாஃபியா ஆட்டத்தில் முதல் நாள் ஓட்டு: தூக்கணுமா, ஸ்கிப் பண்ணணுமா?

#1 குரோம்பேட்டைக்காரன்

சனிக்கிழமை ராத்திரி ஆனால் நாங்கள் பத்துப் பேர் ஒரு மொட்டைமாடியில் கூடி மாஃபியா ஆடுவோம். ஒருவர் கடவுள், அதாவது ஆட்டத்தை நடத்துபவர். மீதி 9 பேரில், சீட்டுப்படி ரகசியமாக, 2 மாஃபியா, 7 ஊர்க்காரர்கள்; யார் மாஃபியா என்று அந்த இருவருக்கு மட்டும்தான் தெரியும். போலீஸ் (ராத்திரி ஒருவர் மாஃபியாவா என்று விசாரிப்பவர்), டாக்டர் (ராத்திரி ஒருவரைக் காப்பாற்றுபவர்) சீட்டுகளை எடுத்துவிட்டோம். முதல் ராத்திரியே போலீஸ் செத்துப்போய், மூலையில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

எங்கள் விதி இதுதான். ஆட்டம் இரவில் தொடங்கும். மாஃபியா ஒருவரைக் கொல்லும், அப்புறம் விடியும், பேச்சு, கடைசியில் வெளிப்படையாக ஓட்டு. அதிக ஓட்டு வாங்கியவரை ஆட்டத்திலிருந்து தூக்குவோம், அவர் தன் சீட்டைத் திறந்து காட்ட வேண்டும். மாஃபியா இருவரையும் தூக்கிவிட்டால் ஊருக்கு வெற்றி, இரண்டு பக்கமும் சம எண்ணிக்கைக்கு வந்துவிட்டால் மாஃபியாவுக்கு வெற்றி.

ஊர் ஜெயிப்பதே இல்லை. இந்த இரண்டு மாதத்தில் எனக்கு ஞாபகம் இருப்பது ஒரே ஒரு வெற்றி. அதுவும் மாஃபியாவாக இருந்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் மாட்டிக்கொண்டதால் வந்தது. போன வாரம் இதை வைத்துச் சண்டையே வந்துவிட்டது. "முதல் நாள் ஒன்றுமே தெரியாது, யாரைத் தூக்கினாலும் நம் ஆளாகத்தான் இருப்பான், யாரையும் தூக்காமல் ஸ்கிப் பண்ணுவோம்" என்கிறது ஒரு கட்சி. "இன்றைக்கு ஸ்கிப் பண்ணினால் நாளைக்கு மட்டும் என்ன தெரிந்துவிடப் போகிறது?" என்பது என் கட்சி. யார் சொல்வது சரி?

#2 ஸ்கிப்பு சுப்பு

ஸ்கிப்தான் தம்பி. என் பெயரைப் பார்த்தாலே தெரியவில்லையா?

2020 ஊரடங்கில் அமாங் அஸ் என்ற இதே மாதிரி ஆன்லைன் ஆட்டத்தை ஆடியே தூக்கத்தைத் தொலைத்தவன் நான். ஆதாரமே இல்லாமல் ஒருவன் "சிவப்பு ஆள் சஸ், சந்தேகம்" என்பான். நாலு பேர் பின்னாலேயே அமுக்குவார்கள். விண்வெளியில் பறப்பது அப்பாவியாக இருக்கும். ஆளைக் குறைப்பது மாஃபியாவின் வேலை. அந்த வேலையை ஊர் ஏன் இலவசமாகச் செய்து கொடுக்க வேண்டும்?

#3 நிழல்மந்திரி

சுப்பு அண்ணா, அமாங் அஸ் கதை வேறு. அங்கே ஊருக்கு டாஸ்க் இருக்கிறது. ஒருத்தரைக்கூடத் தூக்காமல் டாஸ்க்கை எல்லாம் முடித்தே ஜெயித்துவிடலாம். பிணம் எங்கே கிடந்தது, வென்ட்டில் (காற்றுக் குழாயில்) குதித்தது யார், கேமராவில் தெரிந்தது யார் என்று கண்ணால் பார்த்த சாட்சியும் வரும். அதனால் ஸ்கிப் பண்ணினாலும் அடுத்த மீட்டிங்குக்குள் ஏதாவது சிக்கும். மொட்டைமாடியில் அப்படி என்ன சிக்கும்? இரவில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கொசுவுக்குத் தீனி போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

1986 வாக்கில் மாஸ்கோ பல்கலைக்கழக உளவியல் துறையில் படித்துக்கொண்டிருந்த திமித்ரி தாவிதோவ் உண்டாக்கிய ஆட்டம் இது. எல்லாம் தெரிந்த சின்னக் கூட்டம் ஒன்று, ஒன்றுமே தெரியாத பெரிய கூட்டம் ஒன்று, அவ்வளவுதான் அதன் கரு. 1997-இல் ஆண்ட்ரூ பிளாட்கின் மாஃபியாவை எடுத்துவிட்டு ஓநாயை வைத்து வேர்வுல்ஃப் ஆக்கியபோதும் அந்தக் கரு அப்படியேதான் இருந்தது. ஒன்றும் தெரியாத கூட்டத்தின் கையில் இருப்பது ஓட்டு ஒன்றுதான். வாயால் யாரும் எதையும் அளக்கலாம். ஓட்டு என்றால் விரலை ஒரு ஆளை நோக்கி நீட்டியாக வேண்டும். மாஃபியாவும் நீட்டியாக வேண்டும். ஸ்கிப் என்றால் அந்த இருவரையும், "நீங்கள் இன்றைக்கு ஒன்றும் நீட்ட வேண்டாம், போய்த் தூங்குங்கள்" என்று அனுப்பி வைக்கிறோம் என்று அர்த்தம்.

#4 அரைக்கணக்கு

வாய்ச்சண்டை போதும், எண்ணிப் பார்ப்போம். யாருக்கும் எந்தத் துப்பும் இல்லை, குருட்டாம்போக்கில் தினம் ஒருவரைத் தூக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரே ஒரு மாஃபியா. 3 பேர் மிச்சம் இருக்கும்போது விடிகிறது. சரியான ஆளைத் தூக்க வாய்ப்பு மூன்றில் ஒன்று. தவறினால் ஆட்டம் முடிந்தது. ஆக 33 சதவீதம்.

இப்போது ஊருக்கு ஒரு ஆளைக் கூடுதலாகக் கொடுப்போம். 4 பேர். சரியாகத் தூக்க நாலில் ஒன்று. தவறினால் 3 பேர், ராத்திரி ஒருவர் காலி, 2 பேர், சமம், தோல்வி. ஆக 25 சதவீதம்.

ஆள் கூடியும் வாய்ப்பு குறைந்துவிட்டது, பார்த்தீர்களா? அந்த நாலாவது ஆளால் ஊருக்கு இன்னொரு பகல் கிடைக்கவில்லை. குறி வைக்கும் இடத்தில் இன்னொரு அப்பாவி வந்து நின்றதுதான் மிச்சம். அதே 4 பேர் அன்றைக்கு ஸ்கிப் பண்ணினால்? ராத்திரி ஒருவர் போவார், 3 பேர் ஆவார்கள், மறுபடி 33 சதவீதம். ஒருத்தரைப் பலி கொடுத்தும் வாய்ப்பு கூடுகிறது.

இதையே மேலே மேலே போட்டுக்கொண்டு போகலாம். 5 பேருக்கு 46.7, 6 பேருக்கு 37.5, 7 பேருக்கு 54.3. ஒற்றைப்படையில் ஏறுகிறது, இரட்டைப்படையில் சறுக்குகிறது.

இனி உங்கள் ஆட்டத்துக்கு வருவோம். 9 பேர், இரவில் தொடக்கம். முதல் விடியலில் 8 பேர், அதில் 2 மாஃபியா. தினமும் யாரையாவது தூக்கிக்கொண்டே போனால் ஊர் ஜெயிக்க 15.6 சதவீதம். ஆறு ஆட்டத்துக்கு ஒன்றுகூடத் தேறாது. முதல் நாள் ஸ்கிப் பண்ணி 7 பேராகி, அதற்குப் பிறகு தினமும் தூக்கினால் 22.9 சதவீதம்.

சுப்பு அண்ணனுக்கு ஒரு மாலை போடுங்கள்.

#5 ஸ்கிப்பு சுப்பு

மாலை வந்து சேர்ந்தது. ரோஜாவாக இருந்திருக்கலாம்.

#6 குரோம்பேட்டைக்காரன்

இதை எப்படிப் போய் அவர்களிடம் சொல்வேன்? போன வாரம் நான் கத்திய கத்தலுக்குக் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து என்னவென்று கேட்டார்.

#7 நிழல்மந்திரி

பொறுங்கள். அரைக்கணக்கு ஐயா, ஒரு கேள்வி. இரட்டைப்படையை ஒற்றைப்படை ஆக்க ஒரு ஸ்கிப் தேவை, ஒப்புக்கொள்கிறேன். அதை முதல் நாளேதான் செலவழிக்க வேண்டுமா? 8 பேர் இருக்கும்போது ஒருவரைத் தூக்கிவிட்டு, மறுநாள் 6 பேர் இருக்கும்போது ஸ்கிப் பண்ணினால் எவ்வளவு வரும்?

#8 அரைக்கணக்கு

நல்ல கேள்வி. போட்டுப் பார்த்தேன்.

8 பேரில் 2 மாஃபியா. முதல் நாள் சரியாகத் தூக்க நாலில் ஒன்று. ராத்திரி கழிந்தால் 6 பேர், 1 மாஃபியா. அன்றைக்கு ஸ்கிப், மறுநாள் 5 பேர், அங்கே வாய்ப்பு 46.7. முதல் நாள் தவறினால் 6 பேர், 2 மாஃபியா. ஸ்கிப், மறுநாள் 5 பேர். அங்கே இரண்டு பகலும் தவறாமல் அடிக்க வேண்டும், வாய்ப்பு 13.3 மட்டும்தான். இரண்டையும் அதன் எடையோடு கூட்டினால் 21.7 சதவீதம்.

ஆக, முதல் நாளே ஸ்கிப் என்றால் 22.9. ஒரு நாள் தள்ளி ஸ்கிப் என்றால் 21.7. வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். ஸ்கிப்பே பண்ணாவிட்டால்தான் 15.6.

இது அத்தனையும் துப்பே இல்லாத குருட்டு ஆட்டத்தின் கணக்கு என்பதை மறக்க வேண்டாம். நிழல்மந்திரி சொல்ல வருவது புரிகிறது: முதல் நாள் ஓட்டுப் போட்டால், 8 பேர் யார் யாரைக் காட்டினார்கள் என்ற பட்டியல் கைக்கு வரும். அதற்கு விலை ஒரு சதவீதம். என்னைக் கேட்டால் வாங்கிவிடுவேன். மாலையைத் திருப்பித் தர வேண்டாம் அண்ணா, பாதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நீங்கள் ஏன் இரவில் தொடங்குகிறீர்கள்? கொலையே இல்லாமல் பகலில் தொடங்கினால் 9 பேர், ஒற்றைப்படை. ஸ்கிப்பே வேண்டாம், தினமும் தூக்கலாம். வாய்ப்பு 29.8 சதவீதம். ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே ஒருவர் செத்து வீட்டுக்குப் போகும் கொடுமையும் இல்லை.

2008-இல் பிரேவர்மன், எதெசாமி, மொஸ்ஸெல் என்ற மூன்று பேர் இந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு நிகழ்தகவு ஆய்விதழில் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். போலீஸ் இல்லாத ஆட்டத்தில், மாஃபியா எண்ணிக்கை மொத்தத்தின் வர்க்கமூலத்தின் அளவில் இருந்தாலே இரு பக்கமும் ஓரளவு ஈடாக நிற்கும் என்று காட்டினார்கள். அது பெரிய கூட்டத்துக்கான கணக்கு, 9 பேருக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் அதன் மறுபாதி உங்களுக்கு உதவும். போலீஸ் சீட்டு ஒன்று உள்ளே வந்துவிட்டால், கூட்டம் பெருகும் அதே விகிதத்தில் மாஃபியாவும் பெருகினால்தான் சமாளிக்க முடியும். ஒரே ஒரு சீட்டு, அவ்வளவு பலம். நீங்கள் பாவம் பார்த்து எடுத்துப் போட்டது அதைத்தான்.

#9 மதுரை மெர்லின்

ஓட்டை வைத்தே ஆளைப் பிடிக்க வேண்டும் என்றால் அவலான் என்ற ஆட்டத்தின் பக்கம் வாருங்கள் தம்பிகளா. அங்கே ஓட்டு ஆளைத் தூக்குவதற்கு இல்லை. ஒரு தலைவர் ஒரு குழுவை முன்மொழிவார், அந்தக் குழு பணிக்குப் போகலாமா வேண்டாமா என்று எல்லோரும் ஒரே நேரத்தில் அட்டையைத் திருப்புவோம். போகிற குழுவில் ஒரு கெட்டவர் இருந்தாலே பணியைக் கெடுத்துவிடலாம். யாரும் சாவது கிடையாது, அதனால் யாரும் மூலையில் உட்கார்ந்து போன் நோண்டுவதும் கிடையாது.

5 பேர் ஆட்டம். 3 நல்லவர், 2 கெட்டவர். இரண்டாவது பணிக்கு 3 பேர் போக வேண்டும். தலைவர் சொன்ன மூவரில் நீங்கள் இல்லை, நீங்கள் நல்லவர். என்ன போடுவீர்கள்?

புதிதாக வருகிறவர்கள், "அந்த மூணு பேரும் நல்ல பிள்ளைகளாகத்தான் தெரியுது" என்று சம்மதம் போட்டுவிடுவார்கள். நிதானமாக எண்ணுங்கள். உங்களை விட்டால் மிச்சம் 4 பேர், அதில் 2 கெட்டவர். நாலில் மூன்று பேரை எப்படிப் பொறுக்கினாலும் ஒரு கெட்டவராவது உள்ளே வந்துவிடுவார். நீங்கள் இல்லாத மூவர் குழு சுத்தமாக இருக்க வழியே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மறுக்க வேண்டும்.

இதைத் திருப்பிப் போட்டால் துப்பு. தான் இல்லாத மூவர் குழுவுக்கு ஒருவர் சம்மதம் போட்டால், ஒன்று அவருக்கு எண்ணத் தெரியாது, இல்லையென்றால் அவர் கெட்டவர். எங்கள் வீட்டு ஆட்டத்தில் என் நாத்தனார் இப்படித்தான் மாட்டினார். "எனக்குக் கணக்கு வராது அண்ணி" என்றார். அவர் பள்ளியில் கணக்கு டீச்சர்.

ஒரே விதிவிலக்கு, தொடர்ந்து 5 முன்மொழிவுகள் தள்ளுபடி ஆனால் கெட்டவர்களுக்கு வெற்றி. ஆகவே ஐந்தாவதுக்கு நல்லவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதம் போட்டே ஆக வேண்டும்.

மெர்லின் சீட்டு வந்தால்தான் தலைவலி. மெர்லினுக்குக் கெட்டவர்கள் யாரென்று தெரியும். ஆனால் ஒவ்வொரு ஓட்டையும் சரியாகப் போட்டால் கடைசியில், மெர்லின் யாரென்று ஊகிக்கும் கெட்டவரான கொலையாளி, விரலை நேராக நம் மேல் நீட்டிவிடுவார், ஜெயித்த ஆட்டம் போய்விடும். நான் என்ன செய்வேன் என்றால், எப்படியும் தள்ளுபடி ஆகப் போகிற மோசமான குழு ஒன்று வரும்போது அதற்கு ஒரு சம்மதம் போட்டு வைப்பேன். என் பேரில் ஒரு தப்பு பதிவாகட்டும் என்று.

#10 குரோம்பேட்டைக்காரன்

அக்கா, இது தெரியாமல் எத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறோம்!

சரி, நிழல்மந்திரிக்கு ஒரு சோதனை. போன வாரம் கடவுளாக இருந்தவர் தன் போனில் ஓட்டு வரிசையைக் குறித்து வைத்திருக்கிறார். பெயர் வேண்டாம், அவரவர் குடியிருக்கும் ஊரைப் போடுகிறேன். எங்களுக்கு உட்காரும் வரிசைப்படி ஓட்டு கிடையாது, யாருக்குத் தோன்றுகிறதோ அவர் கை தூக்கிச் சொல்லலாம்.

முதல் ராத்திரி மாம்பலம் காலி. விடிந்தபோது 8 பேர்.

சைதை, பெரம்பூரைக் காட்டினார்.
அடையாறு, பெரம்பூர்.
கிண்டி, தாம்பரம்.
நான், தாம்பரம்.
பல்லாவரம், பெரம்பூர்.
தாம்பரம், பெரம்பூர்.
பெரம்பூர், தாம்பரம்.
வேளச்சேரி, பெரம்பூர்.

5க்கு 3. பெரம்பூரைத் தூக்கினோம், ஊர்க்காரர். அன்று ராத்திரி கிண்டி காலி. மறுநாள் 6 பேர். "முதலில் பெரம்பூரைக் கைகாட்டியது யார்?" என்று கேள்வி வந்தது, எல்லோரும் சேர்ந்து சைதையைத் தூக்கினோம். அவரும் ஊர்க்காரர். ராத்திரி என் கதையும் முடிந்தது. மூன்றாவது நாள் விடியவே இல்லை. மாஃபியா இரண்டு பேர் யார்?

#11 நிழல்மந்திரி

தாம்பரமும் பல்லாவரமும்.

எப்படி என்று சொல்கிறேன். எல்லோரும் முதல் ஓட்டையும் கடைசி ஓட்டையும் பார்ப்பார்கள். நான் பார்ப்பது எடை உள்ள ஓட்டை. உங்கள் பட்டியலில் முதல் இரண்டு ஓட்டு சும்மா போட்டது, அப்போது எதுவும் முடிவாகவில்லை. வேளச்சேரி போட்டபோது 4க்கு 3 ஆகியிருந்தது, அவர் தாம்பரத்தைக் காட்டியிருந்தால் 4க்கு 4 ஆகியிருக்கும், அதனால் அதற்கும் கொஞ்சம் எடை உண்டு. ஆனால் ஐந்தாவது ஓட்டைப் பாருங்கள். அதுவரை பெரம்பூருக்கு 2, தாம்பரத்துக்கு 2. கடைசி இரண்டும் அடுத்தடுத்துத் தாம்பரத்தின் மேல் விழுந்திருக்கின்றன, காற்று அந்தப் பக்கம் வீசத் தொடங்கிவிட்டது. அந்த இடத்தில் பல்லாவரம் புகுந்து காற்றைத் திருப்பினார். கூட்டாளி மாட்டப் போகிறான் என்ற பதற்றம் தெரிந்தால் அங்கேதான் தெரியும்.

அன்று ராத்திரி செத்தது யார்? தாம்பரத்தின் மேல் முதலில் கை நீட்டிய கிண்டி. அடுத்த ராத்திரி செத்தது இரண்டாவதாக நீட்டிய நீங்கள்.

ஒரு வருத்தம். சைதையைத் தூக்கியது பெரிய அநியாயம். யாருமே வாயைத் திறக்காத நேரத்தில் முதல் ஓட்டைப் போடுகிறவர் தன் கழுத்தை நீட்டுகிறார். அவரைத் தூக்கினால் அடுத்த சனிக்கிழமை முதல் ஓட்டைப் போட ஆள் வராது. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள், மாஃபியாவுக்குக் கொண்டாட்டம். அதுவும் 6 பேரில் 2 மாஃபியா இருக்கும் நாளில் தவறாகத் தூக்கினால் 5 பேர், ராத்திரி ஒருவர் காலி, 2க்கு 2, அன்றோடு ஆட்டம் முடிந்தது. உங்கள் ஸ்கிப் கட்சி முதல் நாள் கத்தியதற்குப் பதில் அன்றைக்குக் கத்தியிருக்க வேண்டும்.

#12 குரோம்பேட்டைக்காரன்

இரண்டு பேரும் சரி!! பல்லாவரம் இந்த இழையைப் படித்துவிட்டு இப்போதுதான் போன் பண்ணினார். "யாருடா அந்த மந்திரி, அவனை ஒரு நாள் மாடிக்குக் கூட்டிக்கிட்டு வா" என்றார்.

#13 கூகை

கைதட்டுவதற்கு முன் ஒரு நிமிடம். குரோம்பேட்டை, சைதை இருவரும் ஊர் என்று கேள்வியிலேயே இருக்கிறது. கடைசியில் மிஞ்சியது அடையாறு, பல்லாவரம், தாம்பரம், வேளச்சேரி. நாலு பேரில் இருவர் என்றால் மொத்தமே 6 ஜோடி. குருட்டாம்போக்கில் குத்தினாலும் ஆறில் ஒரு தடவை சரியாக வரும். நிழல்மந்திரி தப்பாகச் சொன்ன ஆட்டங்களை அவர் இங்கே வந்து எழுதப் போவதில்லை.

தாம்பரத்தைக் காட்டியவர்கள் அடுத்தடுத்துச் செத்ததும் சாட்சி ஆகாது. நான் மாஃபியாவாக இருந்து, தாம்பரம் ஊர்க்காரராக இருந்தால், கிண்டியைத்தான் கொல்வேன். மறுநாள் எல்லோரும் தாம்பரத்தை முறைப்பார்கள். ராத்திரிக் கொலையை வைத்து யோசிக்க ஆரம்பித்தால் அதற்கு முடிவே கிடையாது.

நான் பெரும்பாலும் பிளட் ஆன் த கிளாக்டவர் என்ற இதே மாதிரி ஆட்டம் ஆடுகிறவன். அதில் எனக்குப் பிடித்த விதி செத்தவர் ஓட்டு. செத்த பிறகும் பேசலாம், ஆட்டம் முடிவதற்குள் ஒரே ஒரு தடவை ஓட்டும் போடலாம். உயிரோடு இருப்பவர்களில் பாதிப் பேருடைய ஓட்டாவது விழுந்தால்தான் ஒருவரைத் தூக்க முடியும். அதனால் கடைசியில் மூன்று பேர் மட்டும் நிற்கும்போது, முடிவு செத்தவர்கள் சேர்த்து வைத்த ஓட்டில் இருக்கிறது. இரண்டாம் நாளே அந்த ஓட்டைச் செலவழித்துவிட்டு, கடைசி நாளில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் நின்றிருக்கிறேன். உங்கள் மாடியில் மூலையில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த ஒரு ஓட்டைக் கொடுத்துப் பாருங்கள், போனைக் கீழே வைத்துவிடுவார்.

#14 நிழல்மந்திரி

ஆறில் ஒன்று என்பதை மறுக்கவில்லை கூகையாரே. ஒரு பட்டியல் ஒன்றையும் நிரூபிக்காதுதான். எடை உள்ள ஓட்டை யார் திரும்பத் திரும்பப் போடுகிறார் என்று இரண்டு மூன்று நாள் பட்டியலை அடுக்கிப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் முதல் நாளிலிருந்தே பட்டியல் வேண்டும் என்று கத்துகிறேன்.

#15 ஸ்கிப்பு சுப்பு

ரகசிய ஓட்டு வைத்தால் என்ன? அமாங் அஸ்ஸில் யார் யாருக்குப் போட்டார் என்று தெரியாமல் மறைக்க ஒரு செட்டிங் உண்டு. சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டால் யாரும் யாருக்கும் பயப்பட வேண்டாம். ஒருவர் பின்னால் ஒருவர் மாடு மாதிரி போவதும் நின்றுவிடும்.

#16 மதுரை மெர்லின்

மறைத்தால் மாஃபியாவுக்குத்தான் வசதி, சுப்பு. பொதுத் தேர்தலில் ரகசியம் வேண்டும், ஏனென்றால் அங்கே ஓட்டுப் போடுகிறவரைக் காப்பாற்ற வேண்டும். இங்கே ஓட்டுப் போடுகிறவர்களுக்குள்ளேதான் திருடன் இருக்கிறான்.

மந்தை மாதிரிப் போவதை நிறுத்த வேறு வழி இருக்கிறது. அவலானில் செய்கிற மாதிரி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி எல்லோரும் ஒரே நேரத்தில் கை நீட்டுங்கள். யார் யாரைக் காட்டினார் என்று எல்லோருக்கும் தெரியும், அதே நேரத்தில் அடுத்தவரைப் பார்த்துப் போட முடியாது.

#17 நிழல்மந்திரி

அக்கா, அப்படிச் செய்தால் வரிசை போய்விடுமே. 2க்கு 2 என்று நிற்கும் அந்த நொடியே வராது. பதற்றம் எங்கே தெரியும்?

#18 மதுரை மெர்லின்

வரிசை இருந்தால் பாதிப் பேர் யோசிக்கவே மாட்டார்கள், முன்னால் போட்டவரைப் பார்த்துப் போடுவார்கள் என்கிறேன். உங்களை மாதிரி வரிசையை உட்கார்ந்து படிக்கிறவர் மாடியில் ஒருத்தராவது இருக்கிறாரா? இருந்தால் வரிசை. இல்லையென்றால் ஒன்று, இரண்டு, மூன்று.

#19 கூகை

அக்கா சொல்வதோடு இன்னொன்று. உட்காரும் வரிசைப்படி கட்டாயமாக ஓட்டுக் கேட்டாலும் பதற்றம் தெரியாது. கிளாக்டவரில் ஓட்டு எண்ணும்போது கடிகார முள் மாதிரி வட்டமாகச் சுற்றி வருவார்கள், என் முறை வந்தால் நான் போட்டாக வேண்டும். நடுவில் புகுந்தேன் என்று யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. குரோம்பேட்டையின் பட்டியலுக்கு மதிப்பு வந்ததே அங்கே யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் புகலாம் என்பதால்தான்.

#20 நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. ராஜா ராணி மந்திரி திருடன் போலீஸ் விளையாட்டில் போலீஸ் எப்போதும் மந்திரியைத்தான் திருடன் என்று காட்டுவது ஏன் என்ற கிளைக் கேள்வியை (5 பதிவுகள்) சிறுவயது விளையாட்டுகள் பகுதிக்கு மாற்றிவிட்டேன். அங்கே ஓட்டே கிடையாது.

#21 குரோம்பேட்டைக்காரன்

சனிக்கிழமை ஆடிவிட்டு வந்தேன். கழுத்து வலி, ஆனாலும் எழுதுகிறேன்.

பகலில் தொடங்கினோம், 9 பேர். வரிசை வைத்துத்தான் ஆடினோம் (மன்னியுங்கள் அக்கா). கடவுள் ஒரு நோட்டில் ஒவ்வொரு ஓட்டையும் எழுதினார். செத்தவருக்கு ஒரு ஓட்டு என்று கூகை சொன்னதையும் சேர்த்தோம்.

முதல் ஆட்டம் ஊர் ஜெயித்தது! முதல் நாளே வேளச்சேரி மாட்டினார், மாஃபியா. சத்தியமாகத் திறமை இல்லை. அவர் முதல் ஓட்டைப் போட்டுவிட்டு, உடனே "நான் சும்மாதான் போட்டேன், மாத்திக்கலாமா?" என்றார். இரண்டாவது ஆட்டம் தோற்றோம். செத்த கிண்டி இரண்டாம் நாளே தன் ஓட்டை வீணாக்கிவிட்டு, கடைசி நாளில் கையைத் தூக்கித் தூக்கிக் கீழே போட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ஆட்டம்தான் விஷயம். முதல் நாள், சைதைக்கும் கிண்டிக்கும் போட்டி. 2க்கு 2. மாடியே கப்சிப். எல்லோரும் மெதுவாகத் திரும்பிப் பல்லாவரத்தைப் பார்த்தார்கள். அவர் "என்னை ஏன்டா பார்க்கிறீங்க" என்றார். ஒரு நிமிடம் யாரும் ஓட்டுப் போடவில்லை. கடைசியில் அவரே கடுப்பாகி, கிண்டி என்றார். கிண்டியைத் தூக்கினோம், ஊர்க்காரர். மறுநாள் விடிந்ததும் விவாதமே இல்லை, "எடை உள்ள ஓட்டு, எடை உள்ள ஓட்டு" என்று எல்லோரும் சேர்ந்து பல்லாவரத்தைத் தூக்கினோம்.

சீட்டைத் திறந்தார். ஊர்க்காரர்.

அந்த நேரத்தில் வீட்டுக்காரர் மேலே வந்து மணி ஒன்றரை என்றார். ஆட்டம் பாதியில் நிற்கிறது. சீட்டுகள் கடவுளிடம் ஒரு கவரில் இருக்கின்றன, அடுத்த சனிக்கிழமை மிச்சத்தை ஆடுவதாக ஏற்பாடு. பல்லாவரம் யாருடனும் பேசவில்லை.

#22 நிழல்மந்திரி

சூத்திரம் எல்லோருக்கும் தெரிந்த பிறகு அது சூத்திரம் இல்லை, பொறி. 2க்கு 2 வந்தால் எல்லோரும் பல்லாவரத்தைப் பார்ப்பார்கள் என்று மாஃபியாவுக்கும் தெரியுமே. எனக்கு இப்போது ஐந்தாவது ஓட்டு முக்கியமில்லை. 2க்கு 1 என்று இருந்ததை 2க்கு 2 ஆக்கிய நாலாவது ஓட்டு யாருடையது? வரிசையை அப்படியே போடுங்கள்.

#23 குரோம்பேட்டைக்காரன்

ஞாபகம் இல்லை, அந்த நேரத்தில் நானும் பல்லாவரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன் என்று அடையாறு வீட்டுக்குக் கொண்டுபோனார். நேற்று கேட்டேன். பைக்கில் வரும்போது மழையில் நனைந்து மை ஊறிவிட்டதாம்.

சனிக்கிழமை ராத்திரி சென்னையில் எங்கே மழை பெய்தது?